வல்லாஜா பள்ளியின் கல்லெழுத்து

 

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு ஷவ்வால் மாத விடுமுறை என்பது பெரும்பாலும் வீட்டுக் கடமைகளிலேயே கழிந்துவிடும். ஓட்டைப் பிரித்து மேய வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு வழி பார்க்க வேண்டும். உறவினர் வீட்டு நிக்காஹ்களுக்குச் சென்று வர வேண்டும். "ஊர் சுற்றுதல்" என்னும் சொல்லையே சற்று இளக்காரமாகச் சொல்லிப் பழகியவன் நான். அத்தகைய நான், 2024-ஆம் ஆண்டு ஷவ்வால் விடுமுறையில் இரண்டு நாட்கள் சென்னையில் நண்பர்களோடு ஊர் சுற்றினேன். ஓவியம் பார்த்தேன், விரும்பியதை உண்டேன், கடற்கரை மணலில் அமர்ந்து வீண்கதை பேசினேன். அந்த இரண்டு நாட்களில் நான் கற்றது, மத்ரஸாவில் ஏழாண்டுகள் ஓதியும் என் உள்ளத்தில் இறங்காதிருந்த ஒரு பாடம். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

நாங்கள் மூவர். சென்னை ராயப்பேட்டையிலுள்ள கல்லூரி ஒன்றில் வரலாறு பயின்று 1999-இல் பட்டம் பெற்றோம். ஒருவர் இன்று வழக்கறிஞர். திருவல்லிக்கேணியிலேயே பிறந்து வளர்ந்த இந்து நண்பர். மற்றவர் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த நம் சகோதரர். கல்லூரியில் பாடக் குறிப்பு எழுத வேண்டிய ஏட்டின் ஓரமெல்லாம் படம் வரைந்துகொண்டிருப்பார். பின்னர் அதனையே தொழிலாகக் கொண்டு, வார இதழ்களுக்கும் நூல்களின் அட்டைகளுக்கும் ஓவியம் வரைந்து வாழ்கிறார். மூன்றாமவன், அரபிக் கல்லூரியில் சேர்ந்து ஆலிம் பட்டம் பெற்ற நான்.

ஓவிய நண்பரும் நானும் பதினாறு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் நான்.

2008-ஆம் ஆண்டு அவருடைய தங்கையின் நிக்காஹ். ஸனது பெற்று ஓராண்டுகூட நிறையாத காலம். தலையில் கட்டிய தலைப்பாகையின் கனம் அறிவின் கனமென்று நான் எண்ணியிருந்த காலம். விருந்துப் பந்தலில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருந்தனர். நண்பர் மலர்ந்த முகத்தோடு வந்து, அந்த வாரம் ஓர் இதழில் வெளியான தம் ஓவியத்தை என்னிடம் காட்டினார். நான் அந்த இதழை வாங்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். "உருவம் எழுதி ஈட்டும் பொருளில் பரக்கத் இருக்காது. இந்தப் பந்தலின் சோற்றிலும் அது கலந்திருக்கக் கூடாதே என்று அஞ்சுகிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அருகில் அமர்ந்திருந்த அவருடைய அத்தா தலையைக் குனிந்துகொண்டார். நண்பர் ஒன்றும் சொல்லாமல் இதழை எடுத்துக்கொண்டு பந்தி விசாரிக்கச் சென்றுவிட்டார்.

அன்றைக்கு நான் சத்தியத்தை அஞ்சாமல் எடுத்துரைத்ததாக மகிழ்ந்துகொண்டேன் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

பட்டம் பெற்று 25 ஆண்டுகள் நிறைவதைக் காரணமாகக் காட்டி, வழக்கறிஞர் நண்பர் எங்கள் இருவரையும் தனித்தனியே அழைத்திருக்கிறார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. அவருடைய வீட்டு வாசலில் ஓவியரைக் கண்டதும் என் நா உலர்ந்துவிட்டது. ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வந்தது. அதற்குப் பின் அவர் சொன்னது, "வாங்க ஹஜ்ரத். பயணமெல்லாம் சௌகரியம்தானே?"

வாசகர்களே, கல்லூரி நாட்களில் அவர் என்னை "மாப்பிள்ளை" என்றுதான் அழைப்பார். "டேய்" என்பதும் உண்டு. மரியாதையைப் போலத் தைக்கும் முள் வேறொன்றில்லை என்பதை அந்த "ஹஜ்ரத்" என்னும் ஒரு சொல்லில் அறிந்துகொண்டேன்.

சோழமண்டலத்தில்

மறுநாள் காலையில் வழக்கறிஞரின் வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்திற்குச் சென்றோம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், 1966-இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய குடியிருப்பு அது. படம் விற்று மட்டும் பிழைக்க இயலாதென்று உணர்ந்த அவர்கள், துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பத்திக் வேலை முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு நிலம் வாங்கினார்களாம். தம் கலையைக் காப்பாற்ற வேறொரு கைத்தொழிலைச் செய்து, யாரிடமும் கையேந்தாமல் ஓர் ஊரையே அமைத்துக்கொண்ட அந்த உழைப்பு என்னைக் கவர்ந்தது. கையால் உழைத்து உண்பதன் சிறப்பைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் அல்லவா நான்?

தோட்டமெங்கும் சிற்பங்கள். நான் வாயிலருகே தயங்கி நின்றதை ஓவியர் கவனித்துவிட்டார். "ஹஜ்ரத் வேண்டுமானால் மரநிழலில் இருங்கள். நாங்கள் விரைவில் வந்துவிடுகிறோம்" என்றார். அதில் ஏளனம் இல்லை. என் தயக்கத்திற்கு அவர் இடம் கொடுத்தார்; அவருடைய மகிழ்ச்சிக்கு நான் ஒருநாள் கொடுக்க மறுத்த இடம் அது. "இல்லை, நானும் வருகிறேன்" என்று உள்ளே சென்றேன்.

அங்கே உள்ள கூடத்தில் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, பணிக்கர் 1960-களில் தொடங்கி வரைந்த "சொற்களும் குறியீடுகளும்" என்னும் வரிசையைப் பற்றி ஓவியர் விளக்கினார். பக்கம் பக்கமாக எழுதிய ஏடுபோலத் தோன்றும். எழுத்தும் கணக்கும் சாதகக் கட்டமும் போன்ற வடிவங்கள் நிறைந்திருக்கும். ஆனால் படிக்க முயன்றால் படிக்க வராது. "படிப்பதற்கு முன்னால் பார்க்கச் சொல்கிறார்" என்றார் நண்பர். நான் வாழ்நாளெல்லாம் எழுத்தைப் படித்தவன், பார்த்ததில்லை. அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது.

பள்ளிவாசலில்

லுஹருக்குத் திருவல்லிக்கேணி வல்லாஜா பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தோம். பெரிய பள்ளி என்று மக்கள் அழைப்பது இதனைத்தான். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வல்லாஜாவின் பெயரால் அவருடைய குடும்பத்தார் 1795-இல் எழுப்பியது. சாம்பல் நிறக் கருங்கற்களால் ஆனது. இரும்போ மரமோ சேர்க்காமல் கட்டியது என்பர். சித்திரை வெயிலில் வெந்து வந்த எங்களுக்கு, அந்த அகன்ற முற்றத்தைக் கடந்து கல்தளத்தில் கால் வைத்ததும் தாய்மடியில் வந்து விழுந்தாற்போல் இருந்தது. லக்னோவிலிருந்து வந்து சென்னையில் கல்விப் பணியாற்றிய பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களும், கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களும் இந்தப் பள்ளியின் வளாகத்தில்தான் துயில்கின்றனர்.

தொழுகை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, வழக்கறிஞர் நண்பர் நிழலில் காத்திருந்தார். "உங்கள் பள்ளியில் எங்கள் ஆள் ஒருவர் எழுதிய கவிதை இருக்கிறதே, பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் விழித்தேன். மூன்றாண்டுகள் மாணவனாக இந்தப் பள்ளியில் எத்தனையோ ஜும்ஆ தொழுதவன் நான். நவாபின் அரசவையில் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன்லால் கிரத் என்னும் இந்துப் புலவர், பள்ளி எழுந்த ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை இயற்றினார் என்பதும், அது கல்லில் பொறிக்கப்பட்டு உள்ளே இருக்கிறது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

உள்ளே சென்று அதன் முன் நின்றோம். ஓவிய நண்பருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் கையை உயர்த்திக் காற்றில் வரைந்து காட்டினார். "இந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே மெலிகிறது பாருங்கள். எழுத்துக்கு நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் இவர் எழுதியிருக்கிறார்." பிறகு என் பக்கம் திரும்பி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மத்ரஸாவில் சிறிதளவு ஓதிய பாரசீகத்தைத் துணைகொண்டு சொன்னேன். ஆண்டைக் குறிக்கும் இடத்தில், இறைநினைவே மிகப் பெரியது என்னும் பொருளுடைய மூன்று அரபுச் சொற்களைப் புலவர் அமைத்திருக்கிறார். அப்ஜத் கணக்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டல்லவா? அங்கேயே விரல் விட்டு எண்ணினேன். முதற்சொல்லுக்கு 920, அல்லாஹ் என்னும் திருநாமத்திற்கு 66, மூன்றாம் சொல்லுக்கு 223. மொத்தம் 1209. ஹிஜ்ரி 1209 என்பது 1794-95-ஆம் ஆண்டு. பள்ளி எழுந்த காலம் சரியாக வந்துவிட்டது!

"சரியாக வருகிறதா?" என்று வழக்கறிஞர் சிறுவனைப்போல் கேட்க, ஓவியர் மகிழ்ச்சியில் என் தோளில் தட்டினார். தட்டிய கையை உடனே விலக்கிக்கொண்டார். எனக்கோ அந்தத் தட்டு நெடுநேரம் தோளில் இருந்தது.

எண்ணிப் பாருங்கள். அந்தக் கல்லுக்கு அன்று மூவர் தேவைப்பட்டோம். ஒருவருக்கு அதன் வரலாறு தெரியும். ஒருவருக்கு அதன் அழகு தெரியும். ஒருவனுக்கு அதன் பொருள் தெரியும். தனித்தனியே வந்திருந்தால் மூவரும் அதனைக் கடந்து போயிருப்போம்.

ரமளான் மாதத்தில் இதே முற்றத்தில், பிரிவினைக் காலத்தில் சிந்துவிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய இந்துக்கள் தொடங்கிய ஓர் அறநிலையத்தின் தொண்டர்கள், நோன்பாளிகளுக்கு நோன்பு திறக்க உணவு பரிமாறும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்து வருவதையும் வழக்கறிஞர் பெருமையோடு நினைவூட்டினார்.

உணவும் ஊரும்

திருவல்லிக்கேணிக்குச் சென்று உணவைப் பற்றி எழுதாவிட்டால் அது நன்றிகெட்ட செயலாகும். பகலில் ஆற்காட்டுப் பிரியாணி. துணைக்குப் புளி சேர்த்த கத்தரிக்காய். பின்னர், ரவையும் பாலும் நெய்யும் சர்க்கரையும் கலந்து மேலும் கீழும் கனல் வைத்துச் சுட்டெடுக்கும் தம்ரூட் ஆளுக்கொரு துண்டு. நவாபுகளின் ஆட்சி 1855-இல் முடிந்தது. அவர்களுடைய சேப்பாக்கம் அரண்மனை 1859-இல் ஏலத்தின் வழியே அரசின் கைக்குப் போயிற்று. அவர்களுடைய அடுக்களை மட்டும் யாராலும் ஏலம் விடப்படாமல் தெருவெங்கும் பிழைத்திருக்கிறது.

பைகிராப்ட்ஸ் சாலை என்று நாங்கள் அழைத்த பாரதி சாலையின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு மணிநேரம் கழிந்தது. பிறகு ரத்னா கபே. 1948-இல் வடநாட்டிலிருந்து வந்த ஒருவர் தொடங்கிய அந்த உணவகத்தின் சாம்பார் இட்லி, திருவல்லிக்கேணியின் முகவரிகளுள் ஒன்று. மாணவப் பருவத்தில் மூவருக்குமாக ஒரே தட்டு வாங்குவோம். இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருப்பார் பரிமாறுபவர். அன்று மூன்று தட்டுகள் வந்தன. ஓவியர் தம் தட்டிலிருந்த இட்லியில் பாதியைப் பிட்டு, பேச்சை நிறுத்தாமலே என் தட்டில் வைத்தார். கல்லூரியில் எனக்குப் பசி அதிகம் என்று அவர் செய்துவந்த வழக்கம் அது. கை நினைவில் வைத்திருந்ததை மனம் இன்னும் அனுமதிக்கவில்லை போலும். வைத்தபின் சற்றுத் திகைத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் உண்டேன்.

கடற்கரையில்

அஸர் தொழுதுவிட்டுச் சேப்பாக்கம் வழியே கடற்கரைக்கு நடந்தோம். 2012-இல் தீக்கிரையாகிப் பின்னர்ச் சீரமைக்கப்பட்ட அரண்மனைப் பகுதியையும், சிஸம் என்னும் கட்டடக் கலைஞர் 1870-களில் எழுப்பிய பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் கடந்து, உழைப்பாளர் சிலையருகே வந்து நின்றோம். பாறையைப் பெயர்க்கும் நான்கு மனிதர்கள். ஓவியக் கல்லூரியை 1929 முதல் நடத்திவந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. 1959-இல் திறந்து வைக்கப்பட்டது. "அந்த நால்வரில் ஒருவருக்கு, கல்லூரியின் காவலாளியே மாதிரியாக நின்றார் என்று எங்களிடையே சொல்வார்கள்" என்றார் ஓவியர். "வாயிலில் நிற்கும் காவலாளியை நாம் யாராவது நிமிர்ந்து பார்க்கிறோமா? அவர் பார்த்திருக்கிறார்."

தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் அமர்ந்தோம். வழக்கறிஞர் கைப்பேசியில் பேசுவதுபோல் எழுந்து அலையோரமாகப் போய்விட்டார். அவர் யாரிடமும் பேசவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் தொடங்கினேன். "அன்று பந்தலில் நான் பேசியது பெரும் பிழை. என்னை மன்னித்துவிடு."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இப்போது படம் ஆகும் என்கிறீர்களா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "அது குறித்து அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு இன்றும் தயக்கம் இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்பது கருத்துக்காக அன்று. சபையில் வைத்து உன்னையும் உன் அத்தாவையும் தலைகுனிய வைத்ததற்காக."

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அத்தா என் படம் வந்த இதழ்களை எல்லாம் காசு கொடுத்து வாங்குவார். நான் இலவசப் படி கொண்டுவந்து கொடுத்தாலும் கடைக்குப் போய் வாங்குவார், கடைக்காரரிடம் காட்டத்தான். அந்த நிக்காஹுக்குப் பிறகு அவர் வாங்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவும் இல்லை. வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார். 2015-இல் மௌத்தாகும் வரையில் வாங்கவே இல்லை."

சற்றுப் பொறுத்து, "என்னிடம் கேட்டாய், நான் பொறுத்தேன் மாப்பிள்ளை. அத்தாவிடம் நீ எப்படிக் கேட்பாய்?" என்றார்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் "மாப்பிள்ளை" என்னும் சொல் என் காதில் விழுந்த இன்பமும், அந்தக் கேள்வியின் துன்பமும் ஒரே நொடியில் வந்தன. வழக்கறிஞர் திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். "கடற்காற்றில் மணல் அதிகம்" என்று சொல்லிவிட்டு, அவர் எங்கள் சுண்டலை எடுத்து உண்ணத் தொடங்கினார். மஃரிபுக்கு மூவரும் பெரிய பள்ளிக்குத் திரும்பி நடந்தோம்.

துல்கஃதா மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் ஓவியரும் அவருடைய ஊருக்குச் சென்று, அவருடைய அத்தாவின் கப்ரருகே நின்று துஆச் செய்தோம். அவரிடம் நான் கேட்க வேண்டியதை அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டேன். அவர்கள் வீட்டில் பகலுணவு உண்டேன். அன்று "பரக்கத் இருக்காது" என்று நான் சொன்ன சோறு அதே கைகளின் உழைப்பிலிருந்து வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, வயிறார உண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

தனிமையில் சொல்வது அறிவுரை. சபையில் சொல்வது அவமானம் என்னும் கருத்தை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வலியுறுத்தியிருப்பதை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்றும், இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததையும் பாடமாக நடத்தியிருக்கிறேன். நான் எடுத்துக்கொண்டதோ பதினாறு ஆண்டுகள். அதற்கும் ஓர் இந்து நண்பரின் சூழ்ச்சி தேவைப்பட்டது. அல்லாஹ் அவருக்கு நல்லருள் புரிவானாக!

ஒரு நகரத்தை நண்பர்களோடு சுற்றிப் பார்ப்பது வீண்பொழுது என்று இனி நான் சொல்ல மாட்டேன். எதிரெதிரே அமர்ந்து பேசத் தொடங்கியிருந்தால் நாங்கள் இருவரும் மீண்டும் வாதத்தில்தான் இறங்கியிருப்போம். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கல்லைப் பார்த்ததும், ஒரே மேசையில் உண்டதும், ஒரே கடலை நோக்கி அமர்ந்ததும்தான் எங்கள் வாயைத் திறந்தன.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவர் செய்த பிழையை விட்டுவிடுங்கள். நீங்கள் செய்த பிழையை நினைத்துப் பாருங்கள். அவரோடு கூடவே அவருடைய தாயையும் தந்தையையும் நினைத்துப் பாருங்கள். நாம் புண்படுத்துவது ஒருவரை மட்டுமன்று. அவர்மீது பெருமை வைத்திருக்கும் எல்லோரையும்தான். அவர்கள் எல்லோரும் நாம் மன்னிப்புக் கேட்க வரும்வரை காத்திருப்பார்கள் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

அவருடைய எண் உங்களிடம் இருந்தால், இதழை மூடியதும் ஒரு ஸலாம் சொல்லுங்கள். வல்ல நாயன் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.